மச்சான் பக்கத்து ஓட்டை

வலது பக்கத்து நட்டை முறுக்கி முடித்துவிட்டார். அங்கிருந்தே இன்னும் கொஞ்சம் நகர்ந்து கையை நீட்டினால் இடது பக்கத்து நட்டும் எட்டிவிடும். ஆனால் லிஃப்ட்காரர் அப்படிச் செய்ய மாட்டார். காருக்கு அடியிலிருந்து முதுகாலேயே ஊர்ந்து வெளியே வருவார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு "அம்மாடி" என்று எழுந்திருப்பார். படுப்பதற்காகக் கிழித்து வைத்திருக்கும் அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு காரைச் சுற்றிப் போய், அந்தப் பக்கம் விரித்து, மறுபடியும் படுப்பார். ஐம்பதைத் தாண்டிய உடம்புக்கு இதெல்லாம் தேவையா என்று கேட்டால், "இது நம்ம பக்கம். அது மச்சான் பக்கம். பக்கத்து வீட்டுக்குப் போறதுன்னா வாசல் வழியாத்தானே போவோம்?" என்பார். மச்சான் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து மாதக்கணக்கில் ஆகிவிட்டது என்பதை அவராகச் சொல்ல மாட்டார்.

சனிக்கிழமை மதியம்தோறும் இதுதான் வேலை. மச்சானும் அவரும் பங்கு போட்டு வாங்கிய பழைய கார், இரண்டே இருக்கை, தாழ்ந்த கூரை. உள்ளே உட்காருவதற்கு முதலில் தலையை விடுவதா காலை விடுவதா என்று புதியவர்கள் திண்டாடுவார்கள். அந்தக் காரின் பின்சக்கரங்களுக்கு நடுவே குறுக்காக ஒரு கம்பி ஓடுகிறது. ஸ்வே பார் என்பார்கள். வளைவில் திரும்பும்போது வண்டி ஒரு பக்கமாகச் சாயும் அல்லவா, அந்தச் சாய்வைப் பிடித்து நிறுத்துவதற்கான முறுக்குக் கம்பி. வண்டியோடு வந்தது சுண்டுவிரல் கனம். லிஃப்ட்காரரும் மச்சானும் தனியாக வாங்கிப் பொருத்தியது கட்டைவிரல் கனம். அதன் இரண்டு முனைகளிலும் மும்மூன்று ஓட்டைகள். ஓரத்து ஓட்டையில் மாட்டினால் கம்பி இளகிக் கொடுக்கும். உள்ளே தள்ளியிருக்கிற மூன்றாவது ஓட்டையில் மாட்டினால் விறைத்துக்கொள்ளும். இளகினால் வண்டி சாது, ஆனால் வளைவில் மூக்கு வெளியே தள்ளப் பார்க்கும். விறைத்தால் மூக்கு சொன்ன இடத்தில் திரும்பும், ஆனால் வால் எப்போது வீசும் என்று யாருக்கும் தெரியாது.

லிஃப்ட்காரருக்கு முதல் ஓட்டை. மச்சானுக்கு மூன்றாவது. இவர் விடாக்கண்டன், அவன் கொடாக்கண்டன். "வண்டின்னா வீட்டுக்குத் திரும்பி வரணும்டா" என்பார் இவர். "வண்டின்னா திரும்பணும் மச்சான், வீட்டுக்குப் போறது ரெண்டாவது" என்பான் அவன். ஒருவரையொருவர் மச்சான் என்றே கூப்பிட்டுக்கொள்வார்கள். லிஃப்ட்காரருடைய மனைவியின் தம்பிதான் அவன்.

நடு ஓட்டையில் மாட்டித் தொலைக்க வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். எல்லோரும் கேட்டார்கள். அங்கேதான் இருக்கிறது வேடிக்கை. நடு ஓட்டை இருவருக்கும் ஆகாது. அதற்கு ஒத்துக்கொண்டால் இருவரும் தோற்ற மாதிரி. கடைசியில் ஒரு நாள் வலது முனையை இவர் முதல் ஓட்டையில் மாட்டினார், இடது முனையை அவன் மூன்றாவதில் மாட்டினான். கம்பிக்கு இடம் வலம் என்ற பேதமெல்லாம் கிடையாது. இரண்டு முனையையும் சேர்த்துப் பார்த்து நடுவாந்திரமாக ஒரு விறைப்பைக் கொடுத்தது. அதாவது நடு ஓட்டையில் மாட்டினால் என்ன கிடைத்திருக்குமோ ஏறக்குறைய அதேதான். ஆனால் இருவரும் ஜெயித்துவிட்டார்கள்! அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் இரண்டு பேரும் மாறி மாறி ஹாரன் அடித்துக்கொண்டு வந்ததாகக் கேள்வி.

இன்றும் அப்படியேதான் இருக்கிறது. சனிக்கிழமை வலது பக்கத்தைக் கழற்றி, துணியால் துடைத்து, மூன்று ஓட்டைகளையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டு அதே முதல் ஓட்டையில் மாட்டுவார். சுற்றிப் போய் இடது பக்கத்தைக் கழற்றி, துடைத்து, தடவிப் பார்த்து, அதே மூன்றாவதில் மாட்டுவார். எதையும் மாற்றாமலே ஒரு மதியத்தைத் தின்றுவிடுகிற வேலை. முடிந்ததும் கையைக் கழுவிக்கொண்டு போனை எடுத்து "நாளைக்கு ஆறரை" என்று மச்சானுக்கு அனுப்புவார். முன்பெல்லாம் "வேலை இருக்கு மச்சான்" என்று பதில் வரும். இப்போது அதுவும் வருவதில்லை. பார்த்துவிட்டான் என்பதற்கான அடையாளம் மட்டும் வருகிறது. அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பார்.

பிழைப்பு, பெயரிலேயே இருக்கிறது. ஊரிலுள்ள உயரமான கட்டடங்களின் லிஃப்டுகளைப் பழுது பார்க்கிறவர். மொட்டைமாடியில் இயந்திரம் இருக்கும் சின்ன அறைதான் அவருடைய அலுவலகம். மதியச் சாப்பாடும் அங்கேதான், கம்பிச் சுருள் சுற்றுகிற சத்தத்துக்கு நடுவில். ஆயிரம் பேர் வேலை பார்க்கிற கட்டடத்தில் நாள் முழுக்க இருந்துவிட்டு ஒருவரிடமும் பேசாமல் இறங்கி வர அவரால் முடியும். எந்த லிஃப்டில் ஏறினாலும் முதலில் குதிகாலை ஒரு முறை தூக்கிப் போடுவார். அது குலுங்குகிற விதத்தில் ஏதோ படித்துக்கொள்வார். இறங்கும்போது லிஃப்டின் தரையும் மாடியின் தரையும் சமமாக இருக்கிறதா என்று செருப்பு நுனியால் தடவிப் பார்ப்பார். பின்னால் நிற்பவர்கள் 'என்னய்யா இந்த மனுஷன்' என்று முனகுவார்கள். காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

அவர் வசிக்கும் கட்டடத்தில் இன்னொரு கூத்து. "மத்த இடத்துல எல்லாம் வாரத்துக்கு ஒரு தடவை லிஃப்ட் மக்கர் பண்ணுது. நம்ம லிஃப்ட் ராசியான லிஃப்ட்!" என்று குடியிருப்பவர்கள் பெருமைப்பட்டுக்கொள்கிறார்கள். ராசியாவது மண்ணாவது! ஞாயிறு மாலைகளில் யாரும் கேட்காமலே மேலே ஏறி எண்ணெய் விட்டு, கதவுச் சக்கரத்தைச் சரிபார்த்துவிட்டு வருகிறார். அவர்கள் பெருமையடிக்கும்போது இவரும் லிஃப்டுக்குள் நின்று, ஆமாம் என்பதுபோலத் தலையாட்டுவார். நான்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன? வாயைத் திறந்தால் முத்தா உதிர்ந்துவிடும்? சொல்ல மாட்டார்.

பேசுகிற நேரமும் உண்டு. யாராவது லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டால், உள்ளே இருக்கிற ஒலிபெருக்கி வழியாக அவர் குரல் கேட்கும். அது வேறு ஆள். "பயப்படாதீங்கம்மா. காத்து வந்துட்டேதான் இருக்கும். நான் இங்கதான் இருக்கேன், எங்கயும் போகல. உங்களுக்கு எத்தனை பசங்க? பெரியவன் என்ன படிக்கறான்?" என்று கதவு திறக்கிறவரை பேசிக்கொண்டே இருப்பார். அழுதுகொண்டிருந்தவர்கள் சிரித்துக்கொண்டே வெளியே வருவார்கள். நன்றி சொல்லத் தேடினால் ஆள் அங்கே இருக்க மாட்டார்.

இதைக் கேள்விப்பட்டுத்தான் அவர் மனைவி ஒரு முறை சொன்னார்: "நானும் ஏதாவது லிஃப்டுல போய் மாட்டிக்கிட்டாத்தான் என்கிட்டயும் பேசுவீங்க போல." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். இவரும் சிரித்தார். பேச்சு அதோடு நின்றுவிட்டது.

கெட்ட மனிதர் இல்லை. குடி இல்லை, கை நீட்டியதில்லை, சம்பளத்தை அப்படியே கொண்டுவந்து கொடுப்பார். என்ன சொன்னாலும் "சரி." குழம்பு நன்றாக இருக்கிறதா என்றால் சரி. தலை வலிக்கிறது என்றால் சரி, மாத்திரை வாங்கி வந்துவிடுவார். சண்டைக்கு இழுத்தாலும் சரி. எத்தனை நாளைக்குத்தான் ஒருவர் தானே கேள்வி கேட்டுத் தானே பதில் சொல்லிக்கொண்டு இருப்பார்? ஆனால் மச்சான் வீட்டுக்கு வந்து சமையலறை மேசையில் உட்கார்ந்து "மூணாவது ஓட்டைதான் மச்சான்" என்று ஆரம்பித்தால் போதும். இவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று மேசையைத் தட்டுவார், டம்ளரைச் சக்கரமாக்குவார், கரண்டியைக் கம்பியாக்கி முறுக்கிக் காட்டுவார். மனைவி கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். "என்கிட்ட ஒரு நாளாவது இப்படிச் சண்டை போட்டிருக்கீங்களா?" என்று ஒரு இரவு கேட்டார். இவர் அந்தக் கரண்டியைக் கழுவி வைத்தார். பெட்டியைக் கட்டிக்கொண்டு, "நான் போறேங்க. தனியா இருக்கறது உங்களோட இருந்தே பழகிடுச்சு" என்று அவர் சொன்ன அன்றைக்கும் இவர் வாயில் வந்தது "சரி"தான். பெட்டியைக் கீழே வரை தூக்கிக்கொண்டு போய் வைத்தார். லிஃப்டில்தான் போனார்கள். நான்கு மாடி இறங்குகிற நேரம் இருந்தது. பேசவில்லை.

விவாகரத்துக்குப் பிறகும் மச்சான் வந்துகொண்டிருந்தான். "எங்க அக்கா புருஷனா இருந்தவர் வேற ஆளு, இவர் என் கார்க்காரர்" என்று எல்லோரிடமும் சொல்வான். ஞாயிறு காலைகளில் மூடிக் கிடக்கும் ஒரு கிடங்கின் தார்த் தளத்தில், ஆரஞ்சு நிறக் கூம்புகளை வரிசையாக வைத்து, வளைந்து வளைந்து வண்டி ஓட்டி நேரம் பார்க்கிற ஒரு சிறு கூட்டத்தில் இருவரும் சேர்ந்திருந்தார்கள். இவர் ஒரு சுற்று, அவன் ஒரு சுற்று. ஒருவர் ஓட்டும்போது மற்றவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து குறை சொல்ல வேண்டும். வாரம் முழுவதும் வாயில் தேக்கி வைத்த பேச்சையெல்லாம் லிஃப்ட்காரர் அங்கேதான் இறக்கி வைப்பார். பிறகு அவன் வருவது குறைந்து, நின்றே போனது. பக்கத்து இருக்கை இன்னும் அவனுடைய நீளக் காலுக்கு ஏற்றபடி பின்னால் தள்ளித்தான் இருக்கிறது.

கூட்டத்தில் நேரம் குறிக்கிறவர் ஒரு கண்ணாடிக் கடைக்காரர். வாய் சும்மா இருக்காது. "ஒரே ஆளு ஓட்டுற வண்டிக்கு எதுக்குங்க ரெண்டு பேரு சம்மதம்? இடது பக்கத்தையும் உங்க இஷ்டத்துக்கு மாத்தி ஒரு தடவை ஓட்டித்தான் பாருங்களேன்" என்று வாராவாரம் நச்சரிப்பார். "பார்க்கலாம்" என்று இவர் நழுவிவிடுவார். மாற்றிவிட்டால் மச்சான் வரமாட்டான் என்று தானே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். அந்தப் பயம்தான். மச்சான் என்று கூப்பிட உலகத்தில் அவருக்கு மிச்சமிருப்பது அந்த ஒருவன்தான்.

அப்படி ஒரு சனிக்கிழமைக்கு மறுநாள் ஞாயிறு, மச்சான் வந்தான். தூரத்தில் அவன் வண்டியைப் பார்த்ததுமே லிஃப்ட்காரருக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. ஓடிப் போய் பின்பக்கத்தைத் திறந்து ஸ்பேனரை எடுத்து வைத்துக்கொண்டார், எதற்கென்று தெரியாமலே. மச்சான் வெளுத்த சட்டையும் பளபளக்கிற ஷூவுமாக வந்து நின்றான். வண்டி ஓட்ட வந்தவன் போடுகிற உடுப்பில்லை அது.

"அக்காவுக்குக் கல்யாணம் மச்சான். அடுத்த மாசம்."

"சரி."

"நல்ல மனுஷன். நிறையப் பேசறார்."

"சரி."

மச்சான் ஷூவால் ஒரு கூம்பைத் தள்ளித் தள்ளி நேராக்கிக்கொண்டே பேசினான். "அக்கா ஒண்ணும் சொல்லல. அம்மாதான் கேக்கறாங்க, 'வரப்போற மாப்பிள்ளையையும் மச்சான்னு கூப்பிடுவ, அவரையும் மச்சான்னு கூப்பிடுவியா? எப்படிடா நல்லாருக்கும்'னு. என்கிட்ட பதில் இல்ல. கார் உங்களோடதாவே இருக்கட்டும், எனக்குப் பங்கெல்லாம் வேணாம். ரெண்டு பக்கமும் முதல் ஓட்டையிலயே மாட்டிக்கிட்டு நிம்மதியா ஓட்டுங்க."

"உனக்கு மூணாவதுதானேடா..."

"உண்மையச் சொல்லட்டா? எனக்கு எல்லா ஓட்டையும் ஒண்ணுதான் மச்சான். வீட்ல நீங்க வாயே திறக்க மாட்டீங்க. இந்தக் கம்பியப் பத்திப் பேசினா மட்டும் மணிக்கணக்கா சண்டை போடுவீங்க. அதுக்காகத்தான் மூணாவதப் பிடிச்சுக்கிட்டுத் தொங்கினேன்."

லிஃப்ட்காரர் முகத்தில் ஈயாடவில்லை. எத்தனை சமையலறை இரவுகள், எத்தனை கரண்டி! ஒருவன் தன்னைப் பேச வைப்பதற்காகவே இத்தனை காலம் தோற்காமல் இருந்திருக்கிறான். அதற்கு என்ன சொல்ல வேண்டும்?

"சரி" என்றார்.

"அக்கா போறேன்னப்பவும் இதத்தான் சொன்னீங்க" என்றான் மச்சான். கோபமாக ஆரம்பித்த குரல் பாதியிலேயே இறங்கிவிட்டது. திரும்பித் தன் வண்டியை நோக்கி நடந்தான்.

லிஃப்ட்காரர் அட்டையை விரித்துப் படுத்தார். வலது பக்கத்திலிருந்தே ஊர்ந்து உள்ளே போய், கையை நீட்டி இடது பக்கத்து நட்டைக் கழற்றினார். சுற்றிப் போகவில்லை. மூன்றாவது ஓட்டையிலிருந்து இணைப்பை உருவி முதல் ஓட்டையில் மாட்டி முறுக்கினார். கண்ணாடிக் கடைக்காரர் "அப்படிப் போடுங்க!" என்று கை தட்டினார். இவர் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

வண்டி வெண்ணெயாக ஓடியது. இத்தனை காலம் கரண்டியை வளைத்து அவர் வாதாடியதெல்லாம் ஒன்றுவிடாமல் நடந்தது. கூம்புகளுக்கு நடுவே வால் அடங்கி ஒடுங்கி வந்தது, ஒரு பதற்றம் இல்லை, ஒரு உதறல் இல்லை. கடைசிக் கோட்டைத் தாண்டியதும் கண்ணாடிக் கடைக்காரர், "இதுவரைக்கும் உங்களுக்கு இதுதாங்க நல்ல நேரம்!" என்று கத்தினார். லிஃப்ட்காரர் இடது பக்கம் திரும்பி "பார்த்தியா!" என்றார்.

காலி இருக்கை.

தோற்றிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. ஜெயித்ததைச் சொல்ல ஆளில்லாமல் ஜெயிப்பது என்ன ஜெயிப்பு? இன்ஜினை அணைக்கக் கை வரவில்லை. அப்போதுதான் கண்ணில் பட்டது. மச்சானின் வண்டி இன்னும் வாசல் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தது. அடுத்த நொடியே அதன் பின்விளக்கு எரிந்தது, மெதுவாகப் பின்னால் நகர ஆரம்பித்தது.

லிஃப்ட்காரர் காரை அப்படியே நடுவில் போட்டுவிட்டு இறங்கி ஓடினார். கதவைச் சாத்தவில்லை. தலைக்கவசத்தைக் கழற்றவில்லை. இரண்டு கூம்புகள் காலில் இடறி உருண்டன. "யோவ், அடுத்த வண்டி வருது!" என்று கண்ணாடிக் கடைக்காரர் கத்தினார். வாசலைத் தாண்டும் முன் லிஃப்ட்காரர் வண்டியைப் பிடித்துவிட்டார். ஜன்னலை இரண்டு கையாலும் தட்டினார். கண்ணாடி இறங்கியது.

சொல்ல வேண்டியது என்னவென்று அவருக்குத் தெரியும். போகாதே. உன்னை விட்டால் எனக்கு யாரும் இல்லை. ஒருமுறை சொல்லாமல் விட்டு ஒரு குடும்பமே போயிற்று. தொண்டைவரை அதுதான் வந்தது. வெளியே வந்தது வேறு.

"பார்த்தியா? நான் அன்னைக்கே சொன்னேன்ல? முதல் ஓட்டைதான்!"

மச்சான் அவரையே பார்த்தான். "நான் கிளம்பறேன் மச்சான்."

"பார்த்தியா இல்லையா, அதச் சொல்லு."

"பார்த்தேன்." கொஞ்சம் தயங்கினான். "கடைசி வளைவுல மூக்கு தள்ளுச்சு."

"தள்ளல."

"தள்ளுச்சு. ஸ்டியரிங்க ரெண்டு தடவை ஒடிச்சீங்க. இங்கிருந்தே தெரிஞ்சுது."

"எல்லா ஓட்டையும் ஒண்ணுதான்னு சொன்ன ஆளு, எதுக்குடா உக்காந்து அதைப் பார்த்த?"

தலைக்கவசத்துக்குள் லிஃப்ட்காரரின் கண் நிறைந்து வழிந்தது. துடைக்க முடியாது, கண்ணாடி மறைக்கிறது. இரண்டு கைகளும் ஜன்னல் விளிம்பைப் பிடித்திருந்தன.

"நீயும் போயிட்டா நான் யார்கிட்டடா சண்டை போடுவேன்?" என்றார். "தள்ளல. நீ பார்த்தது தப்பு. தள்ளல."

மச்சான் முன்னால் இருந்த சாலையைப் பார்த்தான். பிறகு ஜன்னலைப் பிடித்திருந்த கருப்பெண்ணெய்க் கைகளைப் பார்த்தான்.

"தள்ளுச்சு மச்சான்" என்று சொல்லிக்கொண்டே சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தான்.